கூடு முதலில், குதிரைத்திறன் கடைசியில்

(கோவையில் இயந்திரப் பொறியியல் மாணவர்களும் பழைய கார் ஆர்வலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை மீட்டெடுத்து, பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கு ஏற்ப மாற்றுவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பொத்தாம் பொதுவாகப் பேசினால் கையில் ஒன்றும் நிற்காது. ஆகவே ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன். எம்.ஜி.பி. இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபர்டுக்குத் தெற்கே அபிங்டன் என்ற சிறிய ஊரில் 1962 முதல் 1980 வரை செய்த கார் அது.

உலகத்தின் மிகச் சிறந்த ஸ்போர்ட்ஸ் கார் என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அப்படிச் சொன்னால் அபிங்டன்காரர்களே சிரிப்பார்கள். பின்பக்கம் ஒற்றை அச்சு, அதன் கீழே பட்டா ஸ்பிரிங், வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட். 1962-லேயே இது புதுமை இல்லை. ஆனால் இந்த அவையில் இருப்பவர்களுக்கு அதன் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் ஏற்கெனவே பழக்கம். நம் அம்பாசிடரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே 1489 சி.சி. எஞ்சினோடுதான் 1955-இல் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தது. பிறகு 1588 ஆனது, 1622 ஆனது, எம்.ஜி.பி.க்கு வரும்போது 1798 ஆனது. அம்பாசிடர் ஹெட்டைக் கழற்றி மாட்டிய கை, எம்.ஜி.பி. ஹெட்டைப் பார்த்து மிரளாது. இது போதாதென்று, சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் ஆங்கில மூலத்தின் அடிச்சட்டத்திலிருந்து பிறந்ததுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் இன்னொரு ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார். தூரத்து உறவு என்று நினைப்பவை பல நேரம் பங்காளி உறவாகவே இருக்கின்றன.

முதலில் 'டிராக் டே' என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். அது பந்தயம் அல்ல. நேரம் அளப்பதில்லை, கோப்பை இல்லை, முந்துவதற்குப் பரிசு இல்லை. ஒரு நாள் வாடகைக்குத் தடத்தைத் திறந்துவிடுகிறார்கள். தலைக்கவசம் போட்டுக்கொண்டு, நம் சொந்த வண்டியை, எதிரே லாரி வராது என்ற நிம்மதியோடு ஓட்டலாம். முன்னால் போகிறவர் வழிவிட்டால்தான் முந்த வேண்டும். வழக்கமான வாகனக் காப்பீடு பெரும்பாலும் இதற்குச் செல்லாது. அதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் இதற்கான தடங்களில் பல, இரண்டாம் உலகப் போர்க்கால விமான நிலையங்கள். சில்வர்ஸ்டோன், காசில் கூம், குட்வுட், திரக்ஸ்டன், ஸ்நெட்டர்டன் எல்லாமே அப்படித்தான். போர் முடிந்ததும் போர் விமானங்கள் கிளம்பிப் போயின, காங்கிரீட் மிஞ்சியது, அதில் கார்கள் வந்தன. நம் சோழவரமும் அதே கதைதான். போர்க்கால ஓடுபாதையில்தான் 1950களிலிருந்து சென்னைக்காரர்கள் கார் ஓட்டிப் பார்த்தார்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. உங்கள் ஊருக்கு 2003-இல் கார்ப் பந்தய வீரர் கரிவரதன் பெயரால் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. இந்த ஊரில் நின்றுகொண்டு கரிவரதன் யார் என்று நான் விளக்கினால் அது அதிகப்பிரசங்கித்தனம்.

சரி, எந்த வண்டியை எடுப்பது? நான் சொல்லப்போகும் எல்லாவற்றிலும் இந்தத் தேர்வுதான் தலையாயது. காரணம், மீட்டெடுப்பது வேறு, மாற்றியமைப்பது வேறு. முதலாவது அபிங்டனிலிருந்து எப்படி வெளிவந்ததோ அப்படியே கொண்டுவருவது. இரண்டாவது அதற்கு எதிர்த்திசையில் போவது. இரண்டையும் ஒரே வண்டியில் செய்யலாமா என்றால், எந்த வண்டி என்பதைப் பொறுத்தது.

எம்.ஜி.பி. மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதில் ஒன்றை வெட்டி ஒட்டினால் வரலாறு குறைந்துவிடாது. ஆனால் அந்த 5 லட்சத்துக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஆரம்பகால வண்டி, 1964-இன் பிற்பகுதிக்கு முந்தையது, கிராங்குக்கு மூன்றே மூன்று மெயின் பேரிங் கொண்டது. அது இப்போது அரிது. அதைத் தொடாதீர்கள். தொழிற்சாலையே ரோவரின் 3.5 லிட்டர் வி8 எஞ்சினை வைத்துக் கட்டிய வண்டி வெறும் 2,591-தான். அதையும் தொடாதீர்கள். அவற்றுக்குரிய இடம் உங்கள் ஊர் ஜி.டி. கார் அருங்காட்சியகம் போன்ற ஓர் இடம், அல்லது ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சவாரி.

அப்படியானால் எதைத் தொடலாம்? எல்லாரும் ஒதுக்குகிற வண்டியை. 1974-இன் பிற்பகுதியில் அமெரிக்கப் பாதுகாப்புச் சட்டத்துக்காக எம்.ஜி.பி.க்குக் குரோமியப் பம்பரை எடுத்துவிட்டுக் கறுப்பு ரப்பர் பம்பரை மாட்டினார்கள். பம்பர் உயரம் சட்டத்துக்கு ஒத்துவர வேண்டும் என்பதற்காக வண்டி முழுவதையுமே சுமார் ஒன்றரை அங்குலம் தூக்கிவிட்டார்கள். அதோடு நிற்காமல், முன்பக்க ஆன்டி-ரோல் பாரையும் கழற்றிவிட்டார்கள். விளைவு, வளைவில் படகு போலச் சாயும் ஸ்போர்ட்ஸ் கார். 1977 மாடலில்தான் முன்னும் பின்னும் பாரைத் திரும்பப் போட்டார்கள். அமெரிக்காவுக்குப் போனவற்றுக்கு இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டருக்குப் பதில் ஒற்றை ஸ்ட்ராம்பர்க். சேகரிப்பாளர்கள் இந்த வண்டியை விரும்புவதில்லை, விலை குறைவு. டிராக்குக்கு வண்டி தேடுகிறவனுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா? கெடுத்தது தொழிற்சாலை. நீங்கள் செய்யப்போவது, சட்டத்துக்காக ஏற்றியதை இறக்குவது, கழற்றியதை மாட்டுவது. அபிங்டனின் தலைமைப் பொறியாளராக இருந்த சிட் எனெவர் மனத்தில் வைத்திருந்த வண்டிக்கு அது இன்னும் கிட்டத்தில் போகும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா போன்ற வறண்ட பகுதியில் இருந்துவிட்டு இங்கிலாந்துக்குத் திரும்பிய வண்டி கிடைத்தால் இன்னும் நல்லது, துரு குறைவாக இருக்கும்.

துரு என்ற சொல்லைச் சொல்லிவிட்டேன், இனி அதைவிட்டு நகர முடியாது.

எம்.ஜி.ஏ.வுக்குத் தனியாக அடிச்சட்டம் உண்டு, அதன்மேல் உடல் உட்காரும். எம்.ஜி.பி.யில் அடிச்சட்டம் கிடையாது. தகட்டை மடித்து, பற்றவைத்துச் செய்த கூடுதான் எல்லாமே. எஞ்சினையும் அதுதான் தாங்குகிறது, அச்சையும் அதுதான் பிடிக்கிறது. மேற்கூரை இல்லாத ரோட்ஸ்டரில் முன்பாதியையும் பின்பாதியையும் இணைத்து நிற்பவை முக்கியமாகக் கதவுக்குக் கீழே ஓடும் இரண்டு சில்கள்தான். சில் என்றால் வெளியே தெரியும் ஒற்றைத் தகடு என்று நினைத்துவிடாதீர்கள். வெளிச் சில், அதற்குள்ளே நட்ட நடுவே ஒரு தடுப்புத் தகடு, அடியில் 'காசில்' என்று அவர்கள் அழைக்கும் மடிப்புத் தகடு, எல்லாம் சேர்ந்துதான் ஒரு பெட்டி. பெட்டியாக இருக்கும்வரைதான் முறுக்கைத் தாங்கும். உள்ளே அரித்துப்போய், வெளியே மட்டும் பட்டி அடித்துப் பெயின்ட் பூசியிருந்தால், அந்த வண்டி பார்க்க வண்டி, ஓட்ட வண்டியல்ல. முன் மட்கார்டுக்குள் சக்கரம் வாரியடிக்கும் சேறு தங்குவதற்கென்றே செய்தது போல மேலே ஓர் இடுக்கு உண்டு. அங்கே தொடங்கும் ஈரம் மெல்லக் கீழே இறங்கிச் சில்லைத் தின்னும்.

இந்தச் சில்லை மாற்றுவதில்தான் டிங்கரின் தரம் தெரியும். அரித்த தகட்டை வெட்டி எடுத்த கணத்தில் ரோட்ஸ்டர் நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையில் புதுத் தகட்டைப் பற்றவைத்தால், கோணலை நிரந்தரமாக்கியதாகும். பிறகு கதவு சாத்தாது. சாத்தினாலும் வளைவில் திறந்துகொள்ளும். ஆகவே வெட்டுவதற்கு முன்பே கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் பற்றவைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். வண்டியைச் சஸ்பென்ஷன் தாங்கும் இடங்களில் தாங்கி நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் கதவைத் தொங்கவிட்டு, முன் இடைவெளியும் பின் இடைவெளியும் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அளவுகோல் வேறு எதுவும் தேவையில்லை, கதவு பொய் சொல்லாது.

இவ்வளவுக்கும் துணிவில்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. எம்.ஜி.பி. உற்பத்தி நின்று எட்டு ஆண்டுகள் கழித்து, 1988-இல், பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் புத்தம்புது எம்.ஜி.பி. கூட்டைச் செய்து விற்கத் தொடங்கியது. இறந்துபோன காருக்குத் தொழிற்சாலை அச்சிலேயே புது உடம்பு. பழைய கார் உலகத்தில் இதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கூட்டை அடிப்படையாக வைத்தே 1993-இல் ஆர்.வி.8 என்ற காரைச் சுமார் 2,000 அளவில் செய்து, பெரும்பகுதியை ஜப்பானுக்கு அனுப்பினார்கள்.

கூடுதான் கார் என்பது என் சொந்த வாதம் அல்ல. மாற்றியமைத்த வண்டி பழைய வண்டிதானா என்று முடிவு செய்ய பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகம் பல ஆண்டுகள் ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருந்தது. அடிச்சட்டம் அல்லது கூடு அசலாக இருந்தால் 5 புள்ளி. சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் அமைப்பு, ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு 1. மொத்தம் 14-இல் 8 இருந்தால்தான் பழைய பதிவு எண். கவனியுங்கள், நாம் எல்லாரும் பெருமையாகப் பேசும் எஞ்சினுக்கு ஒற்றைப் புள்ளி.

கூடு முடிந்தது. இனி எஞ்சின் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, பிரேக்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம், மாணவர்கள் மனத்துக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம். ஓட்டுநரோடு சேர்த்து வண்டி 1,000 கிலோ. நேர்ப்பாதையின் முடிவில் மணிக்கு 140 கிலோமீட்டர். வளைவுக்குள் நுழைய 60-க்கு இறங்க வேண்டும். போக வேண்டிய இயக்க ஆற்றல் சுமார் 600 கிலோஜூல். இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. சில விநாடிகளில், அதில் பெரும்பகுதி முன் இரண்டு டிஸ்க்குகளில் போய் இறங்குகிறது. ஒரு நிமிடத்துக்குள் அடுத்த வளைவு. நகரத்தில் ஆண்டுக்கணக்கில் ஓட்டினாலும் பிரேக் இந்தச் சூட்டைப் பார்க்காது.

எம்.ஜி.பி.யின் முன் டிஸ்க் 10.75 அங்குலம், பின்னால் 10 அங்குல டிரம். எடை குறைந்த காருக்கு இது மோசமில்லை. டிஸ்க்கைப் பெரிதாக்க ஓடாதீர்கள். முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடலாம். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரைவரை போய்விடும், வண்டி நிற்காது. புட்டி விலை சில நூறு ரூபாய். அதைச் செய்யாமல் பல ஆயிரத்துக்குக் காலிப்பர் வாங்கி மாட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்து, பழைய ரப்பர் ஹோஸுக்குப் பதில் இரும்புப் பின்னல் போட்ட ஹோஸ். அடுத்து, சூட்டைத் தாங்கும் பேட். இந்த மூன்றும் செய்த பிறகும் போதவில்லை என்றால் வி8 வண்டிக்குப் போட்ட தடித்த டிஸ்க்கும் காலிப்பரும் இருக்கின்றன.

டயரைப் பற்றி ஒரே வார்த்தை: வயது. பழைய காரில் டயர் தேயாது, கிழடாகும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. பள்ளம் ஆழமாக இருக்கிறது என்பதை வைத்து ஏமாறாதீர்கள். கம்பிச் சக்கரம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்பிளைன் தேய்ந்த கம்பிச் சக்கரத்தோடு டிராக்கில் இறங்குவது எனக்கு உடன்பாடில்லை. போல்ட் போடும் அலாய் சக்கரத்துக்கு மாறுங்கள், கம்பிச் சக்கரத்தைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சஸ்பென்ஷனில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி. எம்.ஜி.பி.யின் முன்பக்கம் லீவர் ஷாக் அப்சார்பர். அதன் கையே மேல் விஷ்போனாக வேலை செய்கிறது. கிங்பின் இருக்கிறது, அதற்குக் கிரீஸ் அடிக்க வேண்டும், அடிக்காவிட்டால் இறுகும். அம்பாசிடர் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் வீட்டுச் சாமான். லீவர் ஷாக்கை எடுத்துவிட்டு டெலஸ்கோப்பிக் மாற்றலாமா என்று இங்கிலாந்தில் கிளப்புக்குக் கிளப் சண்டை நடக்கும். என் தீர்ப்பு: ஒழுகாத, சரியாகப் புதுப்பித்த லீவர் ஷாக்கில் கொஞ்சம் கெட்டியான ஆயிலை ஊற்றினால் முதல் சில டிராக் டேகளுக்குப் போதும். அதைவிட அவசரமானவை புஷ்கள். ஐம்பதாண்டு ரப்பர் புஷ்ஷை வைத்துக்கொண்டு ஷாக் பற்றிப் பேசுவது வெட்டிப் பேச்சு. ரப்பர் பம்பர் வண்டியாக இருந்தால் இறக்க வேண்டிய ஒன்றரை அங்குலத்தை இறக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். முன்பக்க பார் தடித்ததாக இருக்கட்டும். பின்பக்க பட்டாவில் முதிர்ந்து தளர்ந்தது எது என்று பார்த்து மாற்றுங்கள்.

இந்த இடத்தில் பாதுகாப்பு. கூரை இல்லாத வண்டி என்றால் ரோல் பார் இல்லாமல் பல டிராக் டே அமைப்பாளர்கள் உள்ளேயே விடமாட்டார்கள். விட்டாலும் போகாதீர்கள். பேட்டரி துண்டிக்கும் சுவிட்ச், தீயணைப்பான், நல்ல சீட், நல்ல பெல்ட். 1974 வரை இந்த வண்டிக்கு சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி. அவை இரண்டையும் எடுத்துவிட்டு ஒற்றை 12 வோல்ட் பேட்டரியைச் சரியாகக் கட்டி வையுங்கள். 1967-இன் பிற்பகுதிக்கு முந்தைய வண்டியில் பாசிட்டிவ் எர்த் என்பதை மறக்காமல் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

இப்போது எஞ்சின். அப்பாடா என்கிறார்கள் பின்வரிசையில்.

1798 சி.சி., 80.26 மில்லிமீட்டர் போர், 88.9 ஸ்ட்ரோக், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், 95 குதிரைத்திறன். நீண்ட ஸ்ட்ரோக் என்பதால் இது உறுமும் எஞ்சின் அல்ல, இழுக்கும் எஞ்சின். இதன் உண்மையான கட்டுப்பாடு ஹெட்டில் இருக்கிறது. நான்கு சிலிண்டருக்கும் உள்ளே வரும் வழி இரண்டே இரண்டு, இரண்டிரண்டு சிலிண்டர் ஒரே வழியைப் பங்குபோட்டுக்கொள்ளும். நடு இரண்டு சிலிண்டரின் புகைக்கும் ஒரே வாசல். அங்கேதான் சூடு குவியும், அங்கேதான் விரிசல் விழும். ஹெட் கழற்றினால் முதல் வேலை விரிசல் சோதனை.

அடுத்தது வால்வ் சீட். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் வடிவமைத்த வார்ப்பிரும்பு ஹெட் இது. ஈயம் போன பிறகு புகை வால்வின் சீட் தேய்ந்து உள்ளே போகும், அதுவும் அதிக வேகத்தில் தொடர்ந்து ஓட்டினால். டிராக் என்பதே அதிக வேகத்தில் தொடர்ந்து ஓட்டுவதுதானே. கெட்டிப்படுத்திய சீட் வளையத்தைச் செருகியே ஆக வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னொரு வம்பு. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் சாதாரண பெட்ரோலே 10 விழுக்காடு எத்தனால் கொண்டதாக மாறியது. நாம் 20-க்கே வந்துவிட்டோம். பழைய ரப்பர் ஹோஸும் கேஸ்கெட்டும் அதில் இளகி ஒழுகும். ஒழுகும் இடம் சூடான சைலன்சர் குழாய்க்கு மேலே என்பது உங்களுக்குத் தெரியும். எத்தனாலுக்கு ஏற்ற ஹோஸாக முழுவதையும் மாற்றுங்கள், பாதி மாற்றாதீர்கள்.

போர் செய்து பெரிதாக்கலாம். 60 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 60 பங்கு, ஏற்றினால் 1868 சி.சி. இந்த வேலைக்குக் கோவையில் லேத்துக்குப் பஞ்சமா என்ன. நல்ல கேம் ஷாஃப்ட், ஹெட்டின் வழிகளைச் செப்பனிடுதல், எஸ்.யூ.வுக்குச் சரியான ஊசி. இவற்றோடு கவனமாகக் கட்டினால் 120 குதிரைத்திறனைத் தொடலாம். 45 அளவு வெபர் கார்புரேட்டர் ஒன்றைப் பார்த்ததும் எல்லாருக்கும் நாக்கில் நீர் ஊறும். அதன் சத்தம் அப்படி. ஆனால் ஹெட்டும் கேமும் சரியில்லாத எஞ்சினில் வெபர் வைத்தால் சத்தம் மட்டுமே கூடும். சத்தத்துக்கும் வரம்பு உண்டு. வெளியேற்றுக் குழாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் மீட்டரைப் பிடித்து அளப்பார்கள். பல இடங்களில் 100 டெசிபலை ஒட்டிய வரம்பு. தாண்டினால் கட்டிய பணம் போகும், நீங்கள் கைகட்டி நின்று மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்க்கலாம்.

குதிரைத்திறனைவிட ஆயிலைப் பற்றிக் கவலைப்படுங்கள். நீண்ட வளைவில் சம்பில் உள்ள ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கும். ஒரு நொடி அழுத்தம் விழுந்தால் மெயின் பேரிங் மன்னிக்காது. சம்புக்குள் சில தடுப்புத் தகடுகள் பற்றவைத்தால் இது தீரும், செலவும் அற்பம். ஆயில் கூலரின் குழாய்கள் பழையவை என்றால் மாற்றுங்கள். தட்டையான டேப்பட் கொண்ட எஞ்சின் இது, துத்தநாகச் சேர்க்கை உள்ள 20டபிள்யூ-50 ஆயில் வேண்டும். புதுக் காருக்கான விலையுயர்ந்த மெல்லிய ஆயிலை ஊற்றினால் கேம் தேயும்.

வி8 பற்றிக் கேட்பீர்கள், கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை செய்வதற்கு முன்னாலேயே கென் காஸ்டெல்லோ என்பவர் தன் பட்டறையில் எம்.ஜி.பி.க்குள் ரோவர் வி8-ஐ வைத்து விற்றுக் காட்டினார். அலுமினிய எஞ்சின் என்பதால் எடை கூடவில்லை. 1973-இல் தொழிற்சாலை அவரைப் பின்தொடர்ந்தது. திறமையான வேலை, தலை வணங்குகிறேன். ஆனாலும் முதல் டிராக் காருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். திறன் கூடியதும் பிரேக் போதாது, பிரேக் மாற்றினால் சக்கரம் போதாது, சக்கரம் மாற்றினால் அச்சு போதாது. பணத்துக்கு முடிவே இருக்காது. 95 குதிரைத்திறன் வண்டியை வளைவில் சரியாக எடுக்கத் தெரியாதவருக்கு 200 கிடைத்தால், தவறும் அதே அளவுக்குப் பெரிதாகும்.

அபிங்டன் தொழிற்சாலையின் பந்தயப் பிரிவே குதிரைத்திறனைவிட உறுதியை நம்பும் வழியில்தான் போனது. 1963-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு ஒரு எம்.ஜி.பி.யை அனுப்பினார்கள். காற்றைக் கிழிக்க மூக்கைக் கொஞ்சம் நீட்டியிருந்தார்கள். ஓட்டியவர்கள் பேடி ஹாப்கிர்க்கும் ஆலன் ஹட்சிசனும். தொடக்கத்திலேயே ஹட்சிசன் மணலில் புதைந்து, ஒரு மணி நேரத்துக்கும் மேல் தோண்டித்தான் வெளியே வந்தார். அப்படியிருந்தும் மொத்தத்தில் 12-ஆவது இடம், தன் பிரிவில் முதலிடம். 1966-இல் நர்பர்க்ரிங்கில் 84 மணி நேரம் ஓட வேண்டிய மாரத்தான் டி லா ரூட் போட்டியில் ஆண்ட்ரூ ஹெட்ஜஸும் ஜூலியன் வெர்னேவும் ஓட்டிய எம்.ஜி.பி. மொத்தத்திலேயே முதலாவதாக வந்தது. அந்தப் போட்டியில் எம்.ஜி.பி.யைவிட வேகமான வண்டிகள் இருந்தன. மூன்றரை நாள் உடையாமல் ஓட வேண்டும் என்பதுதான் கேள்வி, அதற்கு அபிங்டனிடம் பதில் இருந்தது.

நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றியும் ஒருவர் ஏற்கெனவே சீட்டில் எழுதிக் கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 2021-இல் வந்த விதிகளின்படி 50 ஆண்டைத் தாண்டிய வண்டியை 'விஏ' வரிசை எண்ணோடு பழம்பெரும் வண்டியாகப் பதியலாம், ஆனால் அது அசல் வடிவில் இருக்க வேண்டும், அடிப்படையை மாற்றியிருக்கக் கூடாது. ஆகவே இரண்டில் ஒன்றை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஒன்று, அசலாக வைத்து ஆர்.சி. வாங்குங்கள். இல்லையென்றால் டிராக்குக்கென மாற்றி, சாலையில் இறக்காமல் டிரெய்லரில் ஏற்றித் தடத்துக்குக் கொண்டுபோங்கள். பாதிக் கிணறு தாண்டினால் போக்குவரத்துக் காவலரிடமும் மதிப்பு இல்லை, டிராக்கிலும் பயன் இல்லை.

மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழற்றும் ஒவ்வொரு அசல் பாகத்தையும் துணியில் சுற்றி, பெயர் எழுதி, பெட்டியில் வையுங்கள். விற்காதீர்கள். அசல் கார்புரேட்டர், அசல் சக்கரம், அசல் லீவர் ஷாக். உங்களுக்குப் பிறகு அந்த வண்டியை வாங்குகிறவர் அதை 1976-இல் இருந்தபடி திரும்பக் கட்ட விரும்பலாம். அந்த உரிமையை அவரிடமிருந்து பறிக்க நமக்கு அதிகாரம் இல்லை. போல்ட்டில் மாட்டியதைக் கழற்றலாம், வெட்டி ஒட்டியதைக் கழற்ற முடியாது. ஆகவே போல்ட் போட முடியும் இடத்தில் வெல்டிங்கைத் தொடாதீர்கள். துருவால் போன தகட்டுக்கு மட்டும் விதிவிலக்கு.

நேரம் ஆகிவிட்டது, அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அம்பாசிடராகட்டும், ஹெரால்டாகட்டும், எங்கேயாவது ஒரு எம்.ஜி.யாகட்டும், பழைய வண்டி பார்க்கப் போகும்போது பானெட்டைத் திறக்காதீர்கள். ஒரு சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய், முதலில் சில்லில் ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. பட்டி எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு விலை பேசுங்கள்.